மயிற்பீலி சூட்டிய சட்டங்கள்

தொண்டை நாட்டுக்காரனை எப்படிப் புகழ வேண்டும் என்று ஔவையார் அன்றைக்கே காட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதியமானுக்காகத் தூது போனவர், காஞ்சியில் தொண்டைமானின் ஆயுதசாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாயாரப் புகழ்ந்தார். இங்கே வேல்களுக்குப் பீலி சூட்டியிருக்கிறது, மாலை போட்டிருக்கிறது, எண்ணெய் பூசிக் காவல் வைத்திருக்கிறது. எங்கள் ஆளின் வேல்களோ நுனி முறிந்து எந்நேரமும் கொல்லன் பட்டறையிலேயே கிடக்கின்றன என்றார். தொண்டைமானுக்குப் புரிந்ததா என்று தெரியாது. புகழ்ச்சி என்று நினைத்துச் சிரித்திருந்தால் அதுவும் அழகுதான். தகடூரிலிருந்து காஞ்சிக்குப் போனவர் எங்கள் காவேரிப்பாக்கம் வழியாகத்தான் போயிருப்பார் என்பது என் சொந்தக் கற்பனை. சான்று கேட்காதீர்கள்.

நான் தூதன் அல்ல. முப்பது வருஷம் டேனரியில் கணக்கு எழுதி ஓய்ந்தவன். ஆனாலும் எனக்கும் இரண்டு ஆயுதசாலைகளைப் புகழ ஆசை வந்துவிட்டது. ஒன்று வாஷிங்டனில் இருக்கிறது, மற்றது டெல்லியில். அரசாங்கம் தன் இஷ்டத்துக்குச் சுங்க வரி போடாமல் இருக்க மக்கள் சபைகள் வடித்து வைத்திருக்கும் வேல்கள் அங்கே இருக்கின்றன. என்ன பளபளப்பு! ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை.

இதில் காவேரிப்பாக்கத்துக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். விடியற்காலை எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து பாருங்கள். ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மருமகள் அவர்களில் ஒருத்தி. ஸ்கைவிங் மெஷினில் வேலை. ஷூவின் மேல்தோலை மடித்துத் தைப்பதற்கு முன்னால் ஓரத்தைச் சீவி மெலிதாக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகச் சீவினால் தோல் கிழிந்துவிடும். குறைவாகச் சீவினால் தையல் புடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு நூல் பிசகினால் போதும், சூப்பர்வைசர் அந்தத் துண்டை அவள் கண் முன்னால் ஆட்டிக் காட்டுவார். அவள் கைக்கு எல்லை தெரியும். எல்லை தெரிந்த அந்தக் கைக்கும், எல்லையே தேவைப்படாத பெரிய கைகளுக்கும் நடுவே ஒரு சம்பந்தம் 2025இல் ஏற்பட்டது.

அந்த வருஷம் ஆகஸ்ட் 27ஆம் தேதி, அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு கடந்து ஒரு நிமிஷம். நமக்குக் காலை 9.31. நம் ஊர்ச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. ஏற்கெனவே இருந்த வழக்கமான தீர்வைக்கு மேலே இது. நூறு டாலர் ஷூ அங்கே கரையேற ஐம்பது டாலர் தட்சணை வைக்க வேண்டும். அதில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்கான தண்டம். எண்ணெய் வாங்கியது யாரோ, தண்டம் கட்டியது செருப்பு. அதற்கப்புறம் சில வாரம் அவளுக்கு ஓ.டி. இல்லை, பிறகு சனிக்கிழமை வேலையும் இல்லை. "இன்னா பெரிப்பா, அந்த ஊர்ல ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டா ஆச்சா? கேக்கறதுக்கு ஆளே இல்லியா?" என்று திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"இருக்காங்கம்மா. ஐந்நூத்து முப்பத்தஞ்சு பேர் இருக்காங்க" என்றேன்.

ஆகவே முதல் பொன்னாடை அந்த 535 பேருக்கு. அமெரிக்க காங்கிரஸ் என்பது அவர்கள் நாட்டு நாடாளுமன்றம். நம் கதர்க் காங்கிரஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த அவை பிறந்த கதைக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு தொட்டுப்போன உறவு உண்டு. 1752 பிப்ரவரியில் ராபர்ட் கிளைவ் சந்தா சாகிபின் மகனையும் அவனுக்குத் துணைவந்த பிரெஞ்சுக்காரரையும் முறியடித்தது எங்கள் காவேரிப்பாக்கத்தில்தான். எந்தக் கம்பெனிக்காக அவன் இங்கே வாளெடுத்தானோ, அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகளைத்தான் 1773 டிசம்பரில் பாஸ்டன்காரர்கள் கடலில் கவிழ்த்தார்கள். தேயிலை விலை ஏறிவிட்டதே என்ற கோபம் அல்ல அது. தங்கள் ஆள் ஒருவரும் உட்காராத சபை தங்களுக்கு எப்படி வரி போடலாம் என்ற கோபம். அதனால்தான் பிற்பாடு அரசியலமைப்பு எழுதியபோது, முதல் பிரிவின் எட்டாம் கூறிலேயே இறக்குமதித் தீர்வை போடும் அதிகாரத்தைக் காங்கிரசின் பெயருக்குப் பத்திரம் பண்ணினார்கள். அதிபர் தாமாகவே வரி போட அதில் ஒரு வரிகூட இல்லை.

இப்படி ரத்தம் சிந்திச் சேர்த்த சொத்தை அந்த அவை என்ன செய்தது? கர்ணன் கெட்டான். 1962இல் தேசப் பாதுகாப்பு என்று கொஞ்சம் அதிபருக்கு எழுதிக் கொடுத்தது. 1974இல் வியாபாரத்தில் அநியாயம் நடந்தால் என்று இன்னும் கொஞ்சம். 1977இல் நெருக்கடிக் காலப் பொருளாதார அதிகாரச் சட்டம். இந்தக் கடைசிச் சட்டம் எழுதப்பட்டதே அதிபரின் கையைக் கட்டத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டிய கயிற்றையே அவர் சாட்டையாக எடுத்துக்கொண்டபோதுதான் கட்டியவர்களின் கைவண்ணம் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தச் சட்டத்தில் தீர்வை என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. இல்லாத சொல்லை வைத்து 2025 ஏப்ரல் 2ஆம் தேதி உலகம் முழுவதுக்கும் வரி போட்டார் டொனால்டு ட்ரம்ப். நமக்கு 26 என்றார். ஒரு வாரத்தில் நிறுத்தி வைத்து 10 என்றார். ஆகஸ்ட் 7இல் 25. ஆகஸ்ட் 27இல் 50. அடுத்த பிப்ரவரியில் ஒப்பந்தம் என்றும் 18 என்றும் அறிவித்தார். எங்கள் ஊர்த் திருவிழாவில் குலுக்குச் சீட்டு எடுப்பவர்கூட எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே இவ்வளவு விறுவிறுப்பு காட்டியதில்லை.

இந்த நேரத்தில் காங்கிரஸ் கைகட்டி நின்றது என்று சிலர் குறை சொல்கிறார்கள். அநியாயம். அது செய்த காரியத்தைப் புராணத்தில் ஒருத்திதான் செய்திருக்கிறாள். பொழுது விடிந்தால் புருஷன் செத்துப்போவான் என்று சாபம் விழுந்தபோது, பொழுதே விடியக் கூடாது என்று சூரியனை நிறுத்தினாளே நளாயினி, அவள்தான். அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு நெருக்கடிநிலைச் சட்டம் ஒன்று உண்டு. அதிபர் அறிவித்த நெருக்கடியை முடிக்கச் சொல்லி ஓர் உறுப்பினர் தீர்மானம் கொடுத்தால், குழு அதைப் பதினைந்து நாட்காட்டி நாளுக்குள் அவைக்கு அனுப்பியாக வேண்டும். கிடப்பில் போட முடியாது. கூர்மையான வேல். 2025 மார்ச் 11ஆம் தேதி பிரதிநிதிகள் சபை ஒரு விதி நிறைவேற்றியது: கனடா, மெக்சிகோ மீதான வரிக்கு அடிப்படையான நெருக்கடியைப் பொறுத்தவரை, இந்தக் கூட்டத்தொடரில் மிச்சமுள்ள எந்த நாளும் நாட்காட்டி நாளாகக் கணக்கில் வராது. அவ்வளவுதான். திங்கள் வந்தது, செவ்வாய் வந்தது, நாள் மட்டும் வரவில்லை. ஏப்ரலில் உலக வரிக்கும் இதே வைத்தியம்: செப்டம்பர் 30 வரைக்கும் நாள் நாளல்ல. நளாயினி ஓர் இரவைத்தான் நீட்டினாள். இவர்கள் மாதக்கணக்கில் நீட்டினார்கள். கற்பில் யார் உயர்ந்தவர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேல்சபையான செனட்டையும் விட்டுவிடக் கூடாது. அங்கே கொஞ்சம் வீரம் உண்டு. 2025 ஏப்ரலில் கனடா வரிக்கு எதிராக 51க்கு 48 என்று வாக்களித்தார்கள். அக்டோபர் கடைசியில் பிரேசில், கனடா, உலக வரி என்று மூன்று தீர்மானங்களை நிறைவேற்றினார்கள். எதிரொலி மாதிரி எழுந்து எதிரொலி மாதிரியே அடங்கியது. காரணம் கேளுங்கள். ஒரு காலத்தில் இரண்டு அவைகளும் தீர்மானம் போட்டாலே நெருக்கடி முடிந்துவிடும். அதிபரின் கையெழுத்து தேவையில்லை. 1983இல் ஜக்தீஷ் ராய் சத்தா என்ற இந்திய வம்சாவளிக்காரரின் குடியேற்ற வழக்கில், அப்படிக் கையெழுத்தில்லாத தீர்மானம் செல்லாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து, அதிபரைத் தடுக்கும் தீர்மானத்துக்கு அதிபரே கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டார் என்றால் மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டும். பூனைக்கு மணி கட்டுவதற்குப் பூனையிடமே சம்மதக் கடிதம் வாங்கிவரச் சொல்லும் இந்த நயத்தக்க நாகரிகத்தை வேறு எந்த நாட்டில் பார்க்க முடியும்?

கடைசியில் அந்த வரியை யார் நிறுத்தியது தெரியுமா? குழந்தைகளுக்குக் கல்விப் பொம்மை விற்கும் ஒரு கம்பெனி. லேர்னிங் ரிசோர்சஸ் என்ற அந்தக் கம்பெனியின் வழக்கில் 2026 பிப்ரவரி 20ஆம் தேதி, தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு வந்தது. ஆறுக்கு மூன்று. 1977 சட்டம் தீர்வை போடும் அதிகாரத்தைத் தரவில்லை. வரி போடுவது காங்கிரசின் வேலை. அதாவது 535 பேருக்குச் சொந்தமான சொத்து அவர்களுக்கே சொந்தம் என்று பொம்மைக் கடைக்காரர் கோர்ட்டுக்குப் போய்ப் பட்டா வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. சொத்தின் மீது இவ்வளவு பற்றற்றவர்களைத் துறவிகளில்கூட அரிதாகவே பார்க்கலாம்.

தீர்ப்பு வந்த அன்றைக்கே அதிபர் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 122ஆம் பிரிவைக் கையில் எடுத்தார். பிப்ரவரி 24 முதல் உலகத்துக்கெல்லாம் 10 சதவீதம். இந்தப் பிரிவை எழுதியவர்கள் மட்டும் பெரிய கஞ்சர்கள் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாதாம், 150 நாளுக்கு மேல் நீளக் கூடாதாம், நீட்ட வேண்டுமென்றால் காங்கிரஸ் சட்டம் போட வேண்டுமாம். எண்ணை எழுதி வைத்துவிட்டால் அரசாங்கத்தின் கற்பனைத் திறன் என்னாவது?

வசூலித்த பணத்தைத் திருப்பித் தருவது பற்றித் தீர்ப்பு மௌனம் காத்தது. தந்தாலும், அங்கே துறைமுகத்தில் சுங்கம் கட்டிய இறக்குமதியாளருக்குத்தான் தருவார்கள். ஆர்டர் கைநழுவக் கூடாதே என்று இங்கே விலையைக் குறைத்துக் கொடுத்த ஆம்பூர்க்காரருக்கும் விஷாரத்துக்காரருக்கும் அந்த ரசீதில் பெயர் இல்லை. சனிக்கிழமை வேலை இழந்த பக்கத்து வீட்டு மருமகளுக்கோ ரசீதே இல்லை.

அக்கரையை மட்டும் புகழ்ந்தால் ஓரவஞ்சனை ஆகிவிடும். இரண்டாவது பொன்னாடை நம்முடைய நாடாளுமன்றத்துக்கு. தரத்தில் இது இன்னும் கனமான ஆடை.

நம் அரசியலமைப்பின் 265ஆம் உறுப்பு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் கூடாது என்கிறது. அருமையான பீலி. அதற்குக் கீழே 1975ஆம் ஆண்டு சுங்கத் தீர்வைச் சட்டம் இருக்கிறது. அதில் 8அ என்று ஒரு பிரிவு. அவசரம் என்று மத்திய அரசுக்குத் தோன்றினால், ஓர் அறிவிக்கை வெளியிட்டு இறக்குமதித் தீர்வையை உயர்த்திக்கொள்ளலாம். எவ்வளவு? தேவை என்று அரசு கருதும் அளவுக்கு. அமெரிக்கக் கஞ்சர்கள் மாதிரி 15, 150 என்று கணக்குப் பார்க்கவில்லை நாம். விருந்துக்கு வந்தவர் இலையில் அளந்தா பரிமாறுவோம்?

எல்லையே வைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வைத்திருக்கிறார்கள், அதன் வேலைப்பாட்டைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அறிவிக்கையை அவையில் வைக்க வேண்டும். அவை நடக்காவிட்டால் மறுபடி கூடி ஏழு நாளுக்குள் வைக்க வேண்டும். வைத்ததிலிருந்து பதினைந்து நாளுக்குள் ஒப்புதல் கேட்டு அரசே தீர்மானம் கொண்டுவர வேண்டும். அந்த ஒப்புதல் வரும்வரை அதே பொருளுக்கு இன்னொரு தடவை உயர்த்தக் கூடாது. நாடாளுமன்றம் வேண்டாம் என்றால் வரி நின்றுவிடும். ஆனால் அதுவரைக்கும் வசூலானது செல்லும். இந்தக் கடைசி வாசகத்தில்தான் ஆசாரியின் கைத்திறன் தெரிகிறது. மாடு வயலை மேய்ந்த பிறகு வேலி போடலாமா என்று ஊர் கூடிப் பேசலாம். மேய்ந்த பயிரைப் பற்றி மட்டும் பேசக் கூடாது.

இந்த வேல் வெளியே வந்த ஒரு நாளைச் சொல்கிறேன். 2019 பிப்ரவரி 14ஆம் தேதி புல்வாமாவில் நம் வீரர்கள் பலியானார்கள். 16ஆம் தேதி இரவு, பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாச் சரக்குக்கும் 200 சதவீதத் தீர்வை என்று 8அ பிரிவின் கீழ் அறிவிக்கை வந்தது. அந்த முடிவின் காரணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நாட்டின் துக்கம் என் துக்கமும்தான். நான் வியப்பது நாட்காட்டியை. பதினாறாவது மக்களவை அந்த மாதம் 13ஆம் தேதியே கடைசியாகக் கூடிக் கலைந்துவிட்டது. அடுத்த மக்களவை கூடியது ஜூன் 17இல். 'மறுபடி கூடி ஏழு நாளுக்குள்' என்ற அந்தக் கண்டிப்பான வாசகம் நான்கு மாதம் வாசல் திண்ணையில் காத்திருந்தது. நளாயினி வித்தை நமக்கும் கைவந்ததுதான்.

அன்றைக்கு அட்டாரி எல்லையில் சிமென்டும் பேரீச்சையும் ஏற்றிய லாரிகள் நின்றன. பழைய விகிதத்தில் இறக்குமதிச் சீட்டை முன்பே தாக்கல் செய்திருந்தவர்களிடமும் 200 கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசிதழ் இணையத்தில் ஏறியது இரவு 8 மணி 46 நிமிஷம் 58 விநாடிக்கு. அதற்கு முன் சீட்டுக் கொடுத்தவரிடம் அதைக் கேட்க முடியாது என்று 2020 செப்டம்பர் 23இல் தீர்ப்பு வந்தது. ஜி.எஸ். சத்தா ரைஸ் மில்ஸ் வழக்கு என்று பெயர். ஆக அரசாங்கத்தின் கைக்கு நீதிமன்றம் வைத்த எல்லை 58 விநாடி சுத்தமாக இருக்கிறது. நாடாளுமன்றம் வைத்த எல்லை நான்கு மாதம் தாராளமாக இருக்கிறது. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே அறிவிக்கைக்கு. வேற்றுமையில் ஒற்றுமை என்பது இதுதானோ என்னவோ.

8அ என்பது விசேஷ நாள் நகை. அன்றாடம் அணிவதற்கு வேறு இருக்கிறது: 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. நாடாளுமன்றம் ஓர் அட்டவணை போட்டு விகிதம் எழுதும்; அரசு 'பொதுநலன் கருதி' ஓர் அறிவிக்கை போட்டு அதற்கு விலக்கு தரும். பிறகு பொதுநலன் மனசு மாறினால் விலக்கை எடுத்துவிடும். அட்டவணையை மாற்ற அவை ஓட்டுப் போட வேண்டும்; விலக்கைக் கொடுக்கவும் எடுக்கவும் ஓட்டு வேண்டாம். நிபந்தனையோடு தரும் விலக்குகளுக்கு இரண்டு வருஷத்துக்குப் பிந்தைய மார்ச் 31 வரைதான் ஆயுள் என்று 2021இல் ஒரு வேல் வடித்தார்கள். ஆயுள் முடியும் நேரத்தில் இன்னோர் அறிவிக்கை வந்து மார்க்கண்டேயன் ஆக்கிவிடும்.

எங்கள் தோலைத் தொட்ட கதையைப் பாருங்கள். வெட் ப்ளூ என்றால் குரோமில் ஊறி நீல நிறத்தில் டிரம்மிலிருந்து வரும் ஈரத் தோல். பாதி வேலை முடிந்தது. மீதி வேலை எங்கள் பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளுக்கு. வெளிநாட்டிலிருந்து வரும் வெட் ப்ளூவுக்கு வரிவிலக்கு இருந்தது. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அந்த விலக்கை எடுத்தார்: உள்நாட்டிலேயே நல்ல தரத்தில் போதுமான அளவு கிடைக்கிறது, அதுவும் சிறு தொழில்கள் செய்கின்றன என்று காரணம். பத்து சதவீதம் விழுந்தது. 2025 பிப்ரவரி 1ஆம் தேதி அதே அமைச்சர் அதே அவையில் அந்த வரியை முழுவதும் நீக்கினார்: உள்நாட்டில் மதிப்புக் கூட்டவும் வேலை பெருகவும் என்று காரணம். கூடவே கிரஸ்ட் தோலுக்கு, அதாவது உலர்த்தி இறுதி மெருகுக்குக் காத்திருக்கும் தோலுக்கு, இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரியும் போனது, சிறு டேனரிகளின் நன்மைக்காக. போட்டதும் நம் நன்மைக்கு, எடுத்ததும் நம் நன்மைக்கு. நான்கு வருஷம் கட்டியதும் நம் நன்மைக்கே என்று கொண்டால் மனசு ஆறுகிறது. இரண்டு தடவையும் மேசையைத் தட்டினார்கள். எந்தத் தடவை தட்டியது சரி என்று கேட்பது அவை நாகரிகம் ஆகாது.

அந்த நான்கு வருஷத்தில் டேனரிக் கணக்கு எழுதுகிறவன் பாடு எப்படி என்று என்னைக் கேளுங்கள். பயருக்கு ஆறு மாதம் முன்னாலேயே விலை சொல்ல வேண்டும். தோல் விலை தெரியும், கெமிக்கல் விலை தெரியும், ஜாப் ஒர்க் கூலி தெரியும். வரிக்கு மட்டும் பென்சிலில் எழுதிப் பக்கத்தில் ரப்பர் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிப்ரவரி முதல் தேதியும் டேனரி ஆபீஸில் டி.வி.யைப் போட்டுவிட்டுக் கையில் ரப்பரோடு உட்கார்ந்திருப்போம். இப்போது அமெரிக்காவும் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டதால் வருஷம் முழுக்க ரப்பர் தேய்கிறது.

பட்ஜெட் மீதாவது அவையில் பேசுவார்களே என்று சிலர் நினைக்கலாம். 2023 மார்ச் 24ஆம் தேதி நிதி மசோதா 64 அரசுத் திருத்தங்களோடு மக்களவையில் விவாதம் இல்லாமல் நிறைவேறியது. அவையில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரி போடும்போது மக்கள் குரல் கேட்க வேண்டும் என்பதுதானே மக்களாட்சி? குரல் நன்றாகவே கேட்டது, வார்த்தைதான் புரியவில்லை.

இந்த இடத்தில் வெள்ளைக்காரனின் திறமையின்மையைச் சொல்லாமல் விட முடியவில்லை. முதல் உலகப் போரில் பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்க நம் சென்னை மாகாணத்து ஆவாரம் பட்டைத் தோல் கப்பல் கப்பலாகப் போனது. போர் முடிந்ததும் 1919 செப்டம்பரில், பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீதத் தீர்வை போட நினைத்தார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் பதனிடப் போனால் அந்தப் பதினைந்தில் பத்து தள்ளுபடி. சொந்த நாட்டுக்காரனுக்குச் சாதகமான வரிதான், ஐயமில்லை. ஜாலியன்வாலாபாக் நடந்த அதே வருஷம். கேட்க நாதியில்லாத காலம். அப்படியிருந்தும் ஓர் அறிவிக்கையில் முடிக்கத் தெரியாமல், மசோதாவாக எழுதி, தங்கள் ஆட்களே நிறைந்த சட்ட சபையில் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். நான்கு வருஷத்தில் 1923இல் அதை 5 ஆகக் குறைத்தார்கள். அன்னியனுக்கு இருந்த கூச்சத்தை உதறிவிட்டோம் என்பதும் சுதந்திரத்தின் ஒரு பலன்.

இன்னும் பின்னால் போனால் இன்னும் பிற்போக்கு. எங்கள் ஊர் ஏரி தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் 'அவனிநாராயணன்' என்ற பட்டப்பெயரில் இந்த ஊரே அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று வழங்கியது. சபை வைத்து ஆண்ட ஊர். கரையில் நின்று பார்த்தால் அலை கடல் மாதிரி அடிக்கும். மதகைத் திறக்கும் நீர்க்கட்டி, எந்தப் பாசனத்துக்கு எத்தனை நாழிகை என்று ஊர் சொன்ன முறைப்படிதான் தண்ணீரைக் கட்டுவார். அவசரம் என்று தனக்குத் தோன்றிய அளவுக்கு மதகைத் தூக்கிவிட்டு, ஊர் கூடியதும் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை ஓடிய தண்ணீர் செல்லும் என்று எந்த நீர்க்கட்டியும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. பக்கத்துச் சீமையான உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியத்தார் பதவிக்கு முந்நூற்று அறுபது நாள் என்று எல்லை வைத்தது; கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலைக்கு வரக் கூடாது, அவன் உறவினரும் வரக் கூடாது என்றது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் விவரம் போதாத ஜனங்கள். அந்த முந்நூற்று அறுபது நாளையும் நாளாகவே எண்ணினார்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டு மருமகள் மறுபடி வந்தாள். சனிக்கிழமை வேலை திரும்பியிருக்கிறது. "பெரிப்பா, கோர்ட்டுல அந்த வரி செல்லாதுன்னு சொல்லிட்டாங்களாமே, அப்போ போன சம்பளம்?" என்றாள். நான் புகழ்ச்சியில் தேர்ந்தவன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஏற்ற புகழ்மொழி ஒன்றும் வாயில் வரவில்லை. "அதுவரைக்கும் நடந்தது செல்லும்மா" என்றேன்.

இனி புகழ்வதற்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. நேராகவே சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்துக்கு அவசர அதிகாரம் வேண்டாம் என்று எந்த மடையனும் சொல்ல மாட்டான். எத்தனை சதவீதம் வரை, எத்தனை நாள் வரை என்று இரண்டு எண்களைச் சட்டத்தில் எழுதுங்கள். நாள் முடிந்தால் வரி தானாகச் செத்துப்போகட்டும். நீட்ட வேண்டுமென்றால் அவையில் பேசி, பேர் சொல்லி வாக்களியுங்கள் என்பதுதான் வேண்டுகோள். ஸ்கைவிங் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு வைத்திருக்கிற எல்லையில் பாதியாவது மந்திரிசபைக்கு வைக்கலாம். தொண்டைமானின் வேல்கள் அழகாக இருந்தன. அதியமானின் வேல்கள் முறிந்து கிடந்தன. எதிரி எந்த வேலுக்குப் பயப்பட்டான் என்பது ஊருக்கே தெரியும்.

அடுத்த தேர்தலில் உங்கள் மக்களவை உறுப்பினர் மாலைக்குக் கழுத்தை நீட்டும்போது, மாலையைப் போட்டுவிட்டே கேளுங்கள்: "ஐயா, வரி அறிவிக்கை அவைக்கு வந்த அன்றைக்கு நீங்கள் உள்ளே இருந்தீர்களா? என்ன பேசினீர்கள்?"